குடை, பல்லக்கு, சைக்கிள்: புதுக்கோட்டையில் அதிகாரம் நடமாடிய கதை

அதிகாரம் என்றதும் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது போலீஸ் லத்தி, கோர்ட்டு, மந்திரி வருகைக்காக நிறுத்தி வைக்கப்படும் டிராபிக். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் அதிகாரம். தெரியாத இன்னொன்று இருக்கிறது. கோயிலில் முதல் விபூதி யார் கைக்குப் போகிறது? டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர்? ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்? யார் வந்தால் யார் திண்ணையிலிருந்து எழுந்து நிற்கிறார்? இதற்கெல்லாம் எந்த கெஜட்டிலும் உத்தரவு கிடையாது. ஆனால் ஊரில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட மனப்பாடமாகத் தெரியும்.

மானுடவியல் படிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். (ஃபூக்கோ என்று ஆரம்பித்தால் பாதிப்பேர் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரே வரி: அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும் பொருள் அல்ல, மனிதர்களுக்கு நடுவில் ஓடும் உறவு; அது அரண்மனையைவிட அன்றாடப் பழக்கங்களில்தான் நன்றாகப் பிடிபடும் என்பது அவர் கட்சி. அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.)

இதைப் பார்க்கப் புதுக்கோட்டையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். 1948 வரை தனி மன்னர் ஆண்ட பூமி. அதைப்பற்றி நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்கர் 1987ல் "தி ஹாலோ கிரவுன்" என்று ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். உள்ளே ஒன்றுமில்லாத கிரீடம் என்று அர்த்தம். இவை தவிர, யார் எதில் ஏறிப் போகலாம் என்ற பழைய கணக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் எல்லார் கண் முன்னாலும் புரண்டு போனதும் இதே மாவட்டத்தில்தான். கடைசியில் சொன்னதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்குப் போக ராஜா வழியாகத்தான் போக வேண்டும்.

17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, தன் மனைவி காதலியின் உடன்பிறந்தவரான ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்கு அதிபதி ஆக்கினார். 1686 என்று ஆண்டு சொல்வார்கள். கல்யாணத்தில் தொடங்கிய ராஜ்யம்! வானம் பார்த்த பூமி, கண்மாய்களை நம்பிய விவசாயம். தஞ்சாவூர் மாதிரி காவிரி பாயும் மண் இல்லை. இப்படிப்பட்ட சீமையில் ஒரு ராஜா எதை வைத்து ராஜாவாக இருப்பார்?

கொடுப்பதை வைத்து. டர்க்ஸ் புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சீமையின் சாகுபடி நிலத்தில் அரசுக்கு வரியோ வாரமோ தந்தது 30 சதவீதத்துக்கும் குறைவு என்று அவர் கணக்குக் காட்டுகிறார். மற்றதெல்லாம் இனாம், மானியம். படைக்கு ஆள் தருகிறவர்களுக்கு இனாம், அரண்மனைக் காவல்காரருக்கு இனாம், கோயிலுக்கு, மடத்துக்கு, சத்திரத்துக்கு, பிராமணர்களுக்கு இனாம். ஊர் அம்பலகாரர், கணக்கர், தச்சர், குயவர், நாவிதர், வண்ணார், வெட்டியார் எல்லாருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ப மானியம். வெள்ளைக்கார அதிகாரிகள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பொக்கிஷத்துக்கு வர வேண்டிய பணத்தை இப்படி வாரி விடுகிறாரே, இது என்ன நிர்வாகம் என்று.

அவர்களுக்குப் புரியாதது இதுதான்: அந்த நிலங்களோடு வேறொன்றும் சேர்ந்து போனது. ஒரு சேர்வைகாரருக்கு ராஜா நிலம் மட்டும் கொடுப்பதில்லை. பட்டப்பெயர் கொடுப்பார், பல்லக்கில் போகும் உரிமை கொடுப்பார், குடை பிடித்துக்கொள்ளலாம் என்பார், முன்னால் தீவட்டி, கொடி, வாத்தியம் போகலாம் என்பார். இவற்றுக்குப் பொதுவாக விருது என்று பெயர். இன்று விருது என்றால் ஷீல்டு, சால்வை, போட்டோ. அன்று அது ஒரு மனிதன் தெருவில் எப்படி நடமாடலாம் என்பதைத் தீர்மானிக்கும் சமாச்சாரம். குடை மழைக்கு இல்லை. யாருடைய தலைக்கு மேல் குடை இருக்கலாம் என்பதே அங்கே பேச்சு.

அந்த உயரத்திலிருந்து அப்படியே கீழே இறங்கினால் ஊர்க் களத்தில் இதே நாடகம். அறுப்பு முடிந்து நெல்லைக் குவித்ததும் எடுத்த எடுப்பில் வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. முதலில் சாமிக்கு, பிறகு ஊர் உத்தியோகஸ்தருக்கு, தொழிலாளருக்கு என்று முறைப்படி அளந்து கொடுக்க வேண்டும். இந்தப் பங்குக்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! நாம் ஆகஸ்ட் 15 அன்று மிட்டாய் கொடுத்துக் கொண்டாடுகிறோமே, அதே சொல். அவரவருக்கு உரிய பங்கு என்ற பொருளில் அன்று புழங்கியது. எவ்வளவு கிடைத்தது என்பதோடு யாருக்கு அடுத்து யாருக்கு அளந்தார்கள் என்பதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நவராத்திரியில் ராஜாவே ஊருக்கெல்லாம் படியளந்தார். திருக்கோகர்ணம் பிரகதாம்பாள்தான் சீமைக்கு ராணி, ராஜா அவளுடைய தாசன் என்பது ஏற்பாடு. மன்னர்கள் தங்கள் பட்டத்திலேயே பிரகதாம்பாதாஸ் என்று போட்டுக்கொண்டார்கள். அரிசியோடு சேர்த்துச் சின்னஞ்சிறு செப்புக் காசும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". அதுதான் அம்மன் காசு. பின்னாளில் அந்தக் காசை இங்கிலாந்திலிருந்து அச்சடித்துத் தருவித்தார்கள் என்பது தனிக் கூத்து. இன்றைக்கும் பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் கிடைக்கும். என்ன பெரிய காசு, ஒரு அணாவில் சின்னத் துண்டு. ஆனால் வாங்கியவன் ராஜா கையிலிருந்து வாங்கியவன்.

இப்போது இந்தக் கிரீடம் எப்படி உள்ளீடற்றுப் போனது என்று பார்ப்போம்.

தொண்டைமான்கள் ஆரம்பத்திலிருந்தே ஆங்கிலேயர் பக்கம். 1799ல் வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டுக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை நாம் எல்லாரும் சினிமா வழியாகவாவது அறிவோம். அதைப்பற்றி இங்கே சண்டை வேண்டாம். நன்றிக்கடனாகக் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் 1803ல் தொண்டைமானுக்குக் கிடைத்தன. அதற்குக் கப்பம் வருடத்துக்கு ஒரு யானை! அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவே இல்லை, பிறகு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் காகிதத்தில் யானை இருந்தது. கம்பெனியாரும் இந்த ஊர்ப் பாஷையில் பேசப் பழகிவிட்டார்கள் என்பதற்கு இது அடையாளம்.

நன்றாகவே பழகினார்கள். ராஜா தன் சேர்வைகாரருக்குக் குடையும் பல்லக்கும் கொடுத்த மாதிரி, வெள்ளையர்கள் ராஜாவுக்குப் பீரங்கிக் குண்டு கொடுத்தார்கள். எத்தனை குண்டு முழங்க வேண்டும் என்று ஒவ்வொரு சமஸ்தானத்துக்கும் ஒரு கணக்கு. புதுக்கோட்டைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 11, கடைசியில் 17. ஹைதராபாத், மைசூருக்கு 21. சிரிப்பாக இருக்கிறதா? அந்த ராஜாக்கள் யாரும் சிரிக்கவில்லை.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கதை இந்த இடத்தில் பொருந்தும். அவர் 1915ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன செய்தது? ஜெயிலில் போடவில்லை, படை அனுப்பவில்லை. மோலியை ராணி என்று அழைக்க மறுத்தது. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் இல்லை என்றது. அவ்வளவே போதுமானதாக இருந்தது. ராஜா ஊரை விட்டுப் போய் ஆஸ்திரேலியாவிலும் பிறகு ஐரோப்பாவிலும் வாழ்ந்து 1928ல் பாரிஸில் காலமானார். ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். ஒருவரை எப்படி அழைப்பது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மன்னரையே நாட்டை விட்டு நகர்த்த முடிந்திருக்கிறது. ஊரில் ஒருவரை வாங்க என்பதா, வா என்பதா, வாடா என்பதா என்ற கேள்வியும் இதே ரகம்தான்.

ஊர்க்கட்டை ஆழமாகத் தொட்டது 1888ல் நடந்த இனாம் செட்டில்மெண்ட். திவான் சேஷையா சாஸ்திரி காலம். வேலைக்காகக் கொடுத்த இனாம் நிலங்கள், ஒரு தொகை கட்டிவிட்டால் சொந்த நிலம் என்று ஆயின. ராஜாவுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த கொடுக்கல் வாங்கல் பத்திரமாக மாறியது. நிலம் இனி நிலம் மட்டும்தான். ஆனால் மரியாதை? அது பத்திரத்துக்குள் அடங்கவில்லை. அது கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பரிவட்டம் யாருக்கு, முதல் தீர்த்தம் யாருக்கு, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது. இன்று முதல் மரியாதைச் சண்டை கோர்ட்டு வரை போவதைப் பார்த்து, ஒரு தேங்காய் மூடிக்கும் துணித்துண்டுக்குமா இத்தனை ரகளை என்று சிலர் கேட்கிறார்கள். துணித்துண்டு இல்லை ஐயா அது. முன்பு ராஜ்யம் முழுக்க விரிந்து கிடந்த ஒரு கணக்குப் புத்தகத்தில் கிழியாமல் மிஞ்சிய பக்கம்.

இதுவரை டர்க்ஸ் சொன்ன வழியில் வந்தோம். சாதி என்பது சுத்தம், தீட்டு பற்றியது, அதிகாரம் அதற்குக் கீழேதான் என்று லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதியதை மறுத்து, சாதியின் நடுவில் இருந்தது அரசனும் அவன் கொடுத்த மரியாதையும்தான் என்றார் டர்க்ஸ். (வேடிக்கை என்னவென்றால் துய்மோனும் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தவர். தொண்டைமான்களும் கள்ளர்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு சண்டையின் இரண்டு கட்சியும் நம் பக்கத்து ஊர்களை வைத்து எழுந்தவை.) எனக்கு டர்க்ஸ் பேச்சு அதிகம் பிடிக்கிறது. ஆனாலும் அதில் ஒரு குறை. அது அரண்மனை மாடியிலிருந்து பார்க்கிற பார்வை. கொடுக்கப்பட்ட குடையைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. பிடுங்கப்பட்ட குடையைத் தெரிந்துகொள்ள வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த வேறு இடம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம். வருடம் 1930. அங்கே கள்ளர் சமூகத்தார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். அடுத்த வருடம் அவை பதினொன்று ஆயின. ஜே.எச். ஹட்டன் என்ற அதிகாரி தன் சாதி பற்றிய புத்தகத்தில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான். பெண்கள் மேல் உடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் உட்கார வைத்துத் தூக்கிக்கொள்ளலாம், வேறு எந்த வாகனமும் எதற்கும் கூடாது.

இந்தப் பட்டியலையும் ராஜா கொடுத்த விருதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடை, குதிரை, பல்லக்கு, நகை, உடை. அதே சாமான்கள்! மேலே ஒருவருக்குக் கொடுப்பதும் கீழே ஒருவருக்குத் தடுப்பதும் இரண்டு தனித்தனி வழக்கம் இல்லை. தடுத்தால்தான் கொடுத்ததற்கு மதிப்பு. வெயிலில் எல்லாரும் குடை பிடித்துப் போனால் சேர்வைகாரர் குடையை யார் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள்? அதற்காகவே ஒரு கூட்டம் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. இத்தனை தடைகளையும் 1930ல் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்ததே, சட்டை போட்டவர்களும் செருப்புப் போட்டவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. யாரும் மீறாத விஷயத்துக்கு யாரும் தடை போடுவதில்லை.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தில் ஒரு பகுதியாக இருந்துவிட்டு, 1974 ஜனவரி 14ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. மன்னரின் அரண்மனையில்தான் இப்போது கலெக்டர் ஆபீஸ். மனுவோடு போகிறவர்கள் அந்தத் தர்பார் மாளிகையின் படியில்தான் ஏறுகிறார்கள். தீண்டாமை 1950லேயே அரசியல் சட்டப்படி ஒழிந்தது. காகிதத்தில் எல்லாம் சரி.

பெண்கள் விஷயத்தில் ஒரு பழைய உதாரணத்தைச் சொல்லிவிட்டு சைக்கிளுக்கு வருகிறேன். புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மார்த்தாண்ட பைரவர்தான் அனுமதி கொடுத்தார். அதே மோலி ஃபிங்க் ராஜா. அந்தப் பெண் பின்னாளில் டாக்டராகி, சென்னை சட்டசபையில் உட்கார்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதெல்லாம் நமக்குத் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வேறு: கதவு திறந்தது ராஜா திறந்ததால். மறுபடியும் மேலிருந்து ஒரு கொடை, ஒரே ஒரு பெண்ணுக்கு.

1991ல் நடந்தது இந்த வகையில் சேராது.

அந்த வருடம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத். எழுத்தறிவு கொடுக்கும் திட்டம்தான். கேரளத்தில் எர்ணாகுளம் 1990ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனதைப் பார்த்து நாடு முழுக்கப் பரவிய அலை. தொண்டர்கள் ராத்திரியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்தினார்கள். படிக்க வந்தவர்களில் பெண்களே மிக அதிகம். சொல்லிக் கொடுத்தவர்களிலும் பெண்கள் ஏராளம். அவர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் எப்போதாவது வரும். யாராவது ஆண் பிள்ளை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கேதான் சைக்கிள் உள்ளே வந்தது. பாடத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது.

சைக்கிள் கற்றுக்கொள்வதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று ஸ்கூட்டியில் போகிற தங்கைகள் கேட்கலாம். கிராமத்தில் ஒரு பெண் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருக்கும் டீக்கடையைத் தாண்டிப் போவது என்றால் அன்று அது சாதாரணமா? கேரியரில் ஒரு பக்கமாக ஒடுங்கி உட்காருவதுதான் பெண்ணுக்குச் சொல்லப்பட்ட இடம். அப்பாவோ அண்ணனோ புருஷனோ மிதிப்பார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் மிதிக்கிறவர் முடிவு. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, தடை போடவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஹட்டன் பட்டியல்கூடத் தேவைப்படவில்லை.

முதலில் கிண்டல்தான். கற்றுக்கொள்ளும் பெண்களைப் பார்த்து அசிங்கமாகப் பேசினார்கள், நடத்தையைப் பற்றிக் கதை கட்டினார்கள். ஆனால் தனி ஒரு பெண் என்றால் பேச்சு கொல்லும். ஊரில் முப்பது பேர் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்து ஓட்டினால் யாரைப் பற்றி என்று பேசுவது? ஊருக்கு ஊர் பயிற்சி நடந்தது. குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், பாலர் பள்ளி ஆயாக்கள், கிராம நர்சுகள், டீச்சர்கள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். 1992ல் பெண்கள் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தன் "எவரிபடி லவ்ஸ் எ குட் டிராட்" புத்தகத்தில் (1996) எழுதியிருக்கிறார். அறிவொளி நடத்திய கண்காட்சிப் போட்டிகளில் 70,000க்கும் மேலான பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்றும், பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விட்டுவிட்டால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவர் கற்றுக்கொண்டார் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். நான்கில் ஒருவர்! எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இவ்வளவு வேகமாக இவ்வளவு பேரின் அன்றாடப் பழக்கம் மாறிய சம்பவம் வேறு இல்லை.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு பலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிளே பிடித்துப்போனது. காரணம் கொள்கை இல்லை, வசதி. முன்னால் பார் இருக்கிறது, அதில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் இன்னொன்று, அல்லது தண்ணீர்க் குடம், அல்லது விற்கப் போகும் காய்கறி. பக்கத்து ஊருக்கு விளைச்சலைக் கொண்டு போய் விற்கிற பெண்ணுக்கு பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம். முன்பு இரண்டு ஊரில் விற்றவள் நான்கு ஊர் போகிறாள். பஸ் வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உலையும் வைத்துவிடுகிறாள். (இந்தக் கடைசி விஷயம் மாறவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். உலை வைப்பவர் யார் என்பதில் சைக்கிள் கை வைக்கவில்லை.)

அதே காலத்தில் கல் குவாரிகளின் குத்தகையைக் காண்டிராக்டர்களிடமிருந்து எடுத்து, அங்கே கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே கொடுத்தார்கள். கொத்தடிமையாய்க் கிடந்தவர்கள் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். காண்டிராக்டர்கள் சும்மா இருக்கவில்லை. பணமும் கோர்ட்டும் அவர்கள் பக்கம். சைக்கிளைக் கிண்டலோடு விட்டுவிட்ட ஊர், குவாரியை அப்படி விடவில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, ஆனால் எதில் எதிர்ப்புக் கடுமை, எதில் லேசு என்று பார்த்தால் அதிகாரம் எங்கே வேர் விட்டிருக்கிறது என்று தெரியும். 1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

சைக்கிள் கதை அத்தோடு நிற்கவில்லை. தமிழ்நாடு அரசு 2000களின் தொடக்கத்தில் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரித்தது. பீகார் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை அதனால் 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பெண்கள் கூட்டமாக சைக்கிளில் போவது ஊர் வழக்கத்தையே அசைக்கிறது என்று அவர்களும் எழுதினார்கள். குடுமியான்மலைப் பெண்கள் கேட்டால் இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்பார்கள்.

இங்கேயே நிறுத்தினால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதே மாவட்டத்தில் 2022 டிசம்பர் 26 வந்தது.

இறையூர் பக்கம் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது அன்று தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனதற்குப் பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். இந்த வழக்கு சிபிசிஐடிக்குப் போய், 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. அந்த மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. குற்றம் யார் செய்தது என்று தீர்ப்புச் சொல்வது கோர்ட்டு வேலை, நான் அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல வந்தது தொட்டிக்கு மறுநாள் நடந்ததை. விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும், அந்த ஊர் அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை விடுவதில்லை என்பதையும், டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்ததையும் அறிந்தார்கள். அங்கேயே அந்த மக்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். வழக்குகள் பதிவாயின, கைதும் நடந்தது. மறுநாள் பேப்பரில் இரட்டை டம்ளர் "கண்டுபிடிப்பு" என்கிற தொனியில் செய்தி வந்தது. யார் கண்டுபிடித்தது? அந்தக் கடையில் டீ குடித்த ஒவ்வொருவரும் தினமும் காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். கடைக்கு வெளியே நின்று குடித்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவர்களுக்கும் தெரியும். ஹட்டன் பட்டியலில் மண்பாத்திரம் என்று ஒன்று இருந்ததே, அதன் பேரன்தான் அந்த டம்ளர்.

முப்பது வருடத்துக்கு முன் நான்கில் ஒரு பெண்ணை சைக்கிளில் ஏற்றிய மாவட்டத்தில் இந்த டம்ளர் எப்படித் தப்பியது? இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். சைக்கிள் ஒரு பெண் தானே ஏறி எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள். வாடகைக்கு ஒரு வண்டி, விழுந்து எழ ஒரு மைதானம், கூட நாலு பேர். எந்த ஆணும் தன் கையால் எதையும் அவளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவன் வழியை விட்டு ஒதுங்கினால் போதும். டம்ளர் அப்படியில்லை. அதை இன்னொருவர் கழுவி, ஊற்றி, நீட்ட வேண்டும். கோயில் விபூதியும் தேர் வடமும் அப்படியே. கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமை கேட்டு 1998ல் எழுந்த தகராறில் தேர் பல வருடங்கள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில்தான், நெடு இடைவெளிக்குப் பிறகு, பலத்த போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. தேரை நிறுத்தி வைப்பது வடத்தைப் பகிர்ந்துகொள்வதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. ராஜா காலத்திலிருந்து வந்த அந்தக் கொடுக்கிற கை எங்கெல்லாம் நடுவில் நிற்கிறதோ, அங்கெல்லாம் விஷயம் கெட்டியாக இருக்கிறது.

இன்னொன்று, அறிவொளியில் பெண்கள் கூட்டமாகக் கற்றார்கள், ஊர்வலமாக வந்தார்கள், கலெக்டர் பின்னால் நின்றார். வேங்கைவயலில் ஒரு நாள் கலெக்டர் கூட்டிப் போனார். அந்தக் கார் ஊரை விட்டுப் போன பிறகு அதே கடையில் டீ கேட்க வேண்டியவர் ஒற்றை ஆளாகத்தான் போய் நிற்க வேண்டும். சில ஊர்களில் இப்போது இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டம்ளரே வேண்டாம், பேப்பர் கப். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் நல்லது. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அது பழைய கணக்கு. அடுத்த முறை கிராமத்து டீக்கடையில் நிற்கும்போது யார் கையில் எது இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.